பாட்டிக்கு என்ன ஆயிற்று?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். என் தாயாருக்கு அப்போது வயது 78. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்பருகே முறிந்துவிட்டது. மறுநாள் அறுவை சிகிச்சை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். அன்று மாலை அம்மா கண் விழித்ததும், "காப்பி குடிச்சியா?" என்று என்னைத்தான் விசாரித்தார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார முயன்றார். "அண்ணே, மாடு அவிழ்த்துக்கிட்டுப் போகுது. புடிச்சுக் கட்டுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அவருடைய மகன். அவருடைய அண்ணன் இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மாட்டை விற்று அதைவிட அதிக காலம் ஆகிறது. சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைக் காட்டி, "யாரோ நிக்கிறான் பாருங்க" என்று நடுங்கினார். கையில் சொருகியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார். வார்டில் இருந்தவர்கள் வேறு வழி தெரியாமல் அவர் மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள்.

காலையில் பார்த்தால் அமைதியாக இருக்கிறார். இட்லி கேட்கிறார். மாலை மங்கியதும் மீண்டும் மாடு வந்துவிட்டது.

அத்தை, "புள்ள பயந்திருக்கா, மந்திரிச்சு விடணும்" என்றார். என் தம்பி, "மயக்க மருந்தை அதிகமாக் கொடுத்துட்டாங்க அண்ணா" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, இனி அம்மா என்னை அடையாளம் காணப் போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மாலை பள்ளி விட்டு வந்த என் மகள் பாட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, பாட்டியோட காது மிஷினும் கண்ணாடியும் எங்கே?"

அவை வீட்டில் பீரோவில் இருந்தன. அறுவை அரங்குக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் என்னிடம் கழற்றித் தந்தவற்றை, தொலைந்துவிடப் போகின்றனவே என்று நான்தான் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன். இருபது ஆண்டுகளாக ஒலியியலும் ஒளியியலும் கற்பிப்பவன் நான்!

மாணவ நண்பர்களே, நான் மருத்துவன் அல்லன். ஆனால் அம்மாவைக் கவனித்த டாக்டர் அன்று எனக்கு விளக்கியவற்றையும், பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள் அல்லவா?

இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் டெலிரியம். நம் வீடுகளில் கடுங்காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து 'ஜன்னி கண்டுவிட்டது' என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான். டெலிரியம் என்ற சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'லீரா' என்றால் உழவுச்சால். 'டெ' என்றால் விலகி. ஏர் ஓட்டும்போது மாடு சாலைவிட்டு விலகினால் என்ன ஆகும்? அதுதான் பொருள். உழுதவன் யாரோ வைத்த பெயர்போலும். இதைவிடப் பொருத்தமாகச் சொல்லிவிட முடியாது.

இதை எப்படி அடையாளம் காண்பது? அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். உலகெங்கும் மருத்துவமனைகளில் இன்றும் அது பயன்படுகிறது. அதில் நான்கு கேள்விகள். மாற்றம் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ வந்ததா, ஏறியும் இறங்கியும் காணப்படுகிறதா? கவனம் சிதறுகிறதா? பேச்சு கோவையில்லாமல் தாவுகிறதா? விழிப்பு நிலை மாறியிருக்கிறதா, அதாவது அளவுக்கு மீறிய பரபரப்போ தூக்கக் கலக்கமோ உண்டா? முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே மூன்றாவதோ நான்காவதோ ஒன்று இருந்தால் போதும், டெலிரியம் என்று கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் மறதி என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதுமை மறதி நோய் வேறு. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. டெலிரியம் செவ்வாய்க்கிழமை இல்லாமல் புதன்கிழமை இருப்பது. இதில் முதலில் அடிபடுவது கவனம். மருத்துவர்கள் இதைச் சோதிக்க, ஆண்டின் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். அம்மாவிடம் டாக்டர், "பங்குனியிலிருந்து சித்திரை வரைக்கும் தலைகீழாச் சொல்லுங்கம்மா" என்றார். விரத நாட்களை நாள்காட்டி பார்க்காமல் சொல்லும் அம்மா, "பங்குனி, மாசி, தை... தையிலதான் மாடு வாங்கினோம்" என்று எங்கோ போய்விட்டார். மாதப் பெயர்கள் மறந்துபோகவில்லை. சாலில் நிற்க முடியவில்லை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மா கத்தினார், அதனால் எங்களுக்குத் தெரிந்தது. டெலிரியத்தில் இன்னொரு வகை உண்டு. நோயாளி சத்தமே போடமாட்டார். சோர்ந்து கிடப்பார், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், ஒரு வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். "பாவம், களைப்பு, தூங்கட்டும்" என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். முதியவர்களிடம் இந்த அமைதியான வகையே மிகுதி. தவறவிடப்படுவதும் இதுதான்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 25 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பெலும்பு முறிவு, இதய அறுவை போன்றவற்றில் பாதிப்பேர் வரைகூடப் போகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் தலைகாட்டுகிறது.

சரி, என் தம்பி சொன்னதுபோல் மயக்க மருந்துதான் குற்றவாளியா? இந்தச் சந்தேகம் பழையது. 1955இல் பெட்ஃபோர்டு என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில், மயக்க மருந்தால் முதியவர்களின் மூளைக்கு நேரும் கேடுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டி பழையபடி இல்லை என்று குடும்பத்தார் சொல்லும் பேச்சை அவர் அலட்சியம் செய்யாமல் காது கொடுத்துக் கேட்டார். அது பெரிய விஷயம். ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. சான்றுக்கு என்ன செய்வீர்கள்? ஒரே வகை அறுவை செய்துகொள்வோரை இரு குழுக்களாகச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு குழுவுக்கு முழு மயக்கமும் மறு குழுவுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் முறையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் இதைச் செய்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். டெலிரியம் வந்தவர்கள் முதுகு ஊசிக் குழுவில் 20.5 சதவீதம், முழு மயக்கக் குழுவில் 19.7 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம். மயக்க மருந்துக்குப் பங்கே கிடையாது என்று இதற்குப் பொருளல்ல. அதை மட்டும் கூண்டில் நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் மூளைக்குள் என்னதான் நடக்கிறது? இங்கே என் பாடத்துக்கு வந்துவிடுகிறேன்.

மூளை ஓயாமல் மின்சாரத் துடிப்புகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மனிதத் தலையிலிருந்து இவற்றை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். நம்பத் தயக்கம், ஐந்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்துவிட்டு 1929இல்தான் வெளியிட்டார். தலைத் தோலின்மேல் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்தான். 50 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், உங்கள் டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் செல்லைவிட முப்பதாயிரம் மடங்கு சிறியது! விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருந்தால் நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் அலை ஒன்று தெளிவாகத் தெரியும். இது ஆல்ஃபா அலை.

1940களில் அமெரிக்காவில் ரொமானோ, எங்கல் என்ற இரு மருத்துவர்கள் டெலிரியம் வந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். அலைகள் மந்தமாகியிருந்தன. நொடிக்குப் பத்து என்று துடிக்க வேண்டியது ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியிருந்தது. நோயாளி தெளியத் தெளிய, அலையும் வேகம் பிடித்தது. ஆக, இது பயமும் அல்ல, பேயும் அல்ல, பிடிவாதமும் அல்ல. கருவியில் பதிவாகும் ஒரு கோளாறு. 1959இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டெலிரியத்தை 'மூளைப் போதாமை' என்று குறிப்பிட்டார்கள். இதயம் தன் வேலைக்குப் போதாமல் போவதுபோல, மூளையும் ஒரு சமயம் தன் வேலைக்குப் போதாமல் போகலாம்.

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. இத்தனை செலவாளியான உறுப்புக்கு வரவு சிறிது குறைந்தாலும் கஷ்டம்தான்.

அலை ஏன் மந்தமாகிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான துப்பு நம் ஊர் வேலியோரத்திலேயே வளர்ந்து நிற்கிறது. அதுதான் ஊமத்தை.

ஊமத்தையைத் தின்றவன் பித்துப் பிடித்தவன்போல் ஆவான் என்பது நம் நாட்டில் காலங்காலமாகத் தெரிந்த செய்தி. 1676இல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஒரு கலகத்தை அடக்கப் போன ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் தெரியாமல் ஊமத்தைத் தழையைக் கீரைபோல வேகவைத்துத் தின்றுவிட்டார்கள். ஒருவன் இறகை ஊதி ஊதிப் பறக்கவிட்டான்; இன்னொருவன் மூலையில் அம்மணமாக உட்கார்ந்து குரங்குபோல் இளித்தான். பதினொரு நாள் கழித்துத் தெளிந்தபோது அவர்களுக்கு எதுவுமே நினைவில்லையாம். (விளையாட்டுக்கும் இதைத் தொடாதீர்கள். சிப்பாய்கள் பிழைத்தார்கள், எல்லோரும் பிழைப்பதில்லை.)

ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபலமின் என்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. இவை அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. நரம்பு முனைகள் ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் செய்தி அனுப்புகின்றன என்பதை ஆட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது! அந்தத் திரவத்தில் இருந்த தூதுப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லோவிக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனை தமக்குக் கனவில் தோன்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார். தேர்வுக்கு முதல் நாள் தூங்கும் மாணவர்கள் இதைக் காரணம் காட்ட வேண்டாம்.

மூளையில் விழிப்புக்கும் கவனத்துக்கும் இந்த அசிட்டைல்கோலின் இன்றியமையாதது. ரேடியோவில் ஒரு நிலையத்தைத் துல்லியமாகப் பிடிப்பதற்கு ஒரு திருகு இருக்குமே, அதுபோல. திருகு தளர்ந்தால் இரண்டு மூன்று நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். மருத்துவமனையும் முப்பதாண்டுக்கு முந்திய மாட்டுக் கொட்டகையும் ஒரே சமயத்தில் அம்மாவின் காதில் விழுந்தது இப்படித்தான் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். வயது ஏற ஏற இந்தத் தூதுப் பொருளின் கையிருப்பு குறைகிறது.

டாக்டர் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நாங்க எழுதிக் கொடுத்தது தவிர வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா சார்?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. முதல் நாள் மாலை அம்மா, மூக்கு ஒழுகுகிறது என்றார். வழக்கமாகக் கடையில் வாங்கும் சளி மாத்திரை என் பையில் இருந்தது. கொடுத்தேன். மறுநாளும் ஒன்று கொடுத்தேன். நர்ஸிடம் சொல்லவில்லை. சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின் என்ற மருந்தும் அசிட்டைல்கோலினைத் தடுப்பதுதான். ஊமத்தை அளவுக்கு இல்லை. ஆனால் ஏற்கெனவே கையிருப்பு குறைந்த மூளைக்கு?

இன்னொரு காரணமும் சேர்கிறது. கத்தி பட்ட இடத்தில் தசையும் எலும்பும் காயமடைகின்றன. உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. இந்த அபாயச் செய்தி மூளைக்கும் எட்டி, அங்குள்ள காவல் செல்களையும் உசுப்பிவிடுகிறது. உங்களுக்கு 103 டிகிரி காய்ச்சல் அடித்தபோது ஒரு பக்கமாவது ஒழுங்காகப் படிக்க முடிந்ததா? பதினைந்து வயதில் அது வெறும் மந்தம். எண்பது வயதில் அதுவே டெலிரியம் ஆகலாம். அறுவையே இல்லாமல், சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்த முதியவர்கள் திடீரென்று பிதற்றுவதும் இதனால்தான்.

ஆக, அம்மாவுக்கு எதனால் வந்தது? காயம், வலி, தூங்கவிடாத வார்டு விளக்கு, தண்ணீர் சரியாகக் குடிக்காதது, சளி மாத்திரை, காதும் கண்ணும் இல்லாத இருட்டு. எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் எல்லா வீட்டிலும் ஏர்கண்டிஷனர் ஓடுகிறது. கடைசி வீட்டில் ஒருவர் கிரைண்டரைப் போட்டதும் ஃபியூஸ் போய்விடுகிறது. தெருவே கிரைண்டர்காரரைத் திட்டுகிறது. அதே கிரைண்டர் மார்கழியில் ஓடினால் ஒன்றும் ஆகாது. கையிருப்பு நிறைய உள்ள மூளையைச் சாய்க்கப் பெரிய அடி வேண்டும். நலிந்த மூளைக்கு மலச்சிக்கலோ ஒரு மாத்திரையோ போதும்.

இந்த உவமையிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சுமைகளில் நான்கைந்தை நம்மால் குறைக்க முடியும் அல்லவா? இனோயே குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அத்துடன் கூடுதலாகச் சில வேலைகள்: இன்று என்ன கிழமை, கவனிப்பவர் யார் என்று பலகையில் எழுதி வைப்பது, பேச்சுக் கொடுப்பது, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டிவிடுவது, நீர் குடிக்க வைப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் மெல்லிசையும் முதுகு வருடலும். பயிற்சி பெற்ற தொண்டர்களே பெரும்பாலும் இவற்றைச் செய்தார்கள். 1999இல் முடிவு வந்தது. வழக்கமான குழுவில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம், மற்றதில் 9.9 சதவீதம். அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர். இடுப்பெலும்பு முறிந்த 126 பேரிடம் நடந்து 2001இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், முதியோர் மருத்துவர் தினமும் வந்து இத்தகைய காரணங்களை ஒவ்வொன்றாகக் களைந்தபோது, 50 சதவீதம் என்பது 32 ஆகக் குறைந்தது.

1999 ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. டெலிரியம் ஒருமுறை வந்துவிட்ட பிறகு, இந்த ஏற்பாடுகளால் அதன் கடுமை குறையவில்லை. எனவே வருமுன் செய்வதுதான் பலன். பாட்டியின் கண்ணாடியைப் பெட்டியில் போட்டு அறுவைக்குப் போகும்போதே உடன் எடுத்துச் செல்லுங்கள். கண் விழித்ததும் மாட்டிவிடுங்கள். பல் செட்டையும் மறக்க வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தாத்தா தினமும் குடிப்பவர் என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். பழக்கம் திடீரென்று நின்றால் அதுவே உயிருக்கு ஆபத்தான டெலிரியத்தைக் கொண்டுவரும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும். இரவில் செல்போன் வெளிச்சம் வேண்டாம். பாட்டி மாட்டைக் கட்டச் சொன்னால் வாதாட வேண்டாம், "மாடு எங்கே, பைத்தியமா உங்களுக்கு?" என்று கேட்கவும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் பாட்டி, ஆஸ்பத்திரியில இருக்கோம், இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லுங்கள். முக்கியமாக, ஏதோ மாறிவிட்டது என்று தோன்றிய உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ, "நேத்து இப்படி இல்லைங்க" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு உங்கள் பாட்டியை நேற்றுதான் தெரியும். உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அம்மாவுக்கு டாக்டர் ஆக்சிஜன் அளவும் இரத்தத்தில் உப்பும் பார்த்தார். தேங்கியிருந்த சிறுநீரை வெளியேற்றினார்; வலிக்கு மருந்தைச் சீராக்கினார்; சளி மாத்திரையை நிறுத்தினார்; கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். கட்டிப்போடுவது பரபரப்பை மேலும் கூட்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் மகள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியும் காது மிஷினும் கொண்டுவந்தாள். நான்காம் நாள் இரவில் மாடு ஒருமுறைதான் வந்தது. ஆறாம் நாள் காலை அம்மா பங்குனியிலிருந்து சித்திரை வரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்துவிட்டு, "எதுக்கு இந்தப் பரீட்சை?" என்றார்.

எல்லோருக்கும் இப்படி விரைவில் தெளிவதில்லை. சிலருக்கு வாரங்கள் ஆகும். டெலிரியம் வந்தவர்களிடம் பிற்காலத்தில் முதுமை மறதி நோய் அதிகம் காணப்படுகிறது. ஒன்று மற்றதை உண்டாக்குகிறதா, அல்லது முன்பே நலிந்திருந்த மூளையை அறுவை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வர்ஜீனியாச் சிப்பாய்களைப்போல் அம்மாவுக்கும் எல்லாம் மறந்திருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்து, வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரி என் கையைக் கட்டினாங்க. நீயும் பாத்துக்கிட்டுதானே நின்னே?"